வயதான சின்ன ரக நாய்க்கு எக்ஸ்ரே, ஸ்கேன்: ரிப்போர்ட் கைக்கு வந்ததும் என்ன செய்வது?

எங்கள் மணிக்குப் பன்னிரண்டு வயது. பொமரேனியன், நாலு கிலோ சொச்சம். இருமல் நிற்கவில்லை என்று கூட்டிப் போனோம். நெஞ்சுக்கு எக்ஸ்ரே, வயிற்றுக்கு ஸ்கேன் இரண்டும் எடுத்தார்கள். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயிலில் வந்தது. டாக்டர் இனி திங்கட்கிழமைதான்.

நாலு பக்க ரிப்போர்ட்டில் என் கண்ணில் பட்டது ஒரே வரி: மண்ணீரலில் 6 மில்லிமீட்டர் முடிச்சு, புற்றுநோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு. திங்கட்கிழமை டாக்டர் அந்த வரியை அரை நிமிடத்தில் தாண்டிப் போய்விட்டார். நான் படித்தும் மனதில் ஏறாத வேறொரு வரியில்தான் விரலை வைத்தார். அது இதய அளவு. நான் பயந்தது ஒன்று, கவனிக்க வேண்டியிருந்தது இன்னொன்று. அந்த இரண்டு ராத்திரியை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

1. எந்தப் படம், எதற்கு?

எல்லாவற்றையும் நாம் 'ஸ்கேன்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொன்றும் காட்டுவது வேறு.

எக்ஸ்ரேயில் எலும்பு, நுரையீரல், மூச்சுக்குழாய், இதயத்தின் வெளிக்கோடு, பெரும்பாலான சிறுநீர்க் கற்கள் தெரியும். உறுப்புக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. வயிற்றில் நீர் கோத்திருந்தால் உறுப்புகளின் ஓரங்கூடத் தெரியாமல் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். கல்லீரல், மண்ணீரல், பித்தப்பை, சிறுநீரகம் இவற்றின் உட்புறத்தை அல்ட்ராசவுண்ட் காட்டும். ஆனால் அதற்குக் காற்றும் எலும்பும் ஆகாது. எக்கோ என்பது இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட். வால்வு கசிகிறதா, அறை வீங்கியிருக்கிறதா என்று அதில் அளக்கலாம். நுரையீரலின் சின்னப் புள்ளிகள், மூக்கின் உட்பகுதி, ஆபரேஷன் திட்டம் என்றால் சி.டி. மூளை, தண்டுவடம் என்றால் எம்.ஆர்.ஐ. கடைசி இரண்டுக்கும் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும்.

இங்கே இரண்டு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பின்னங்கால் தள்ளாடுகிறது என்று முதுகுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். 'ஸ்பாண்டிலோசிஸ்' என்று வரும். 'ஓ, அதனால்தான்' என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். முள்ளெலும்புகளுக்கு அடியில் பாலம் மாதிரி வளரும் அந்த எலும்பு முக்கால்வாசி வயதான நாய்களுக்குத் தொந்தரவே தராது. எக்ஸ்ரேயில் தண்டுவடம் தெரியாது. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதா என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கால் இழுக்கும் டாக்ஸ்ஹுண்ட் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

இரண்டாவது இடம், இருமல். சின்ன ரகங்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து மடங்குவது சகஜம். வாத்து கத்துவது மாதிரி ஒரு சத்தம் வரும். ஆனால் அந்தக் குழாய் ஒரு மூச்சில் மடங்கும், அடுத்த மூச்சில் விரியும். எக்ஸ்ரே ஒரு நொடியின் படம்தானே! அந்த நொடியில் குழாய் விரிந்திருந்தால் ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருப்பதாகவே வரும். அதனால் இருமும்போது போனில் வீடியோ எடுத்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். மணி விஷயத்தில் படத்தைவிட அந்தப் பன்னிரண்டு நொடி வீடியோதான் அதிகம் பேசியது.

2. எடுக்கப் போகும் முன்

வயிற்று ஸ்கேனுக்கு வழக்கமாக 8 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு என்பார்கள். தண்ணீர் பெரும்பாலும் கொடுக்கலாம், இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் தப்பு செய்தது நான். மணி பாவம் என்று கிளம்பும் நேரத்தில் இரண்டு பிஸ்கட் போட்டேன். வயிற்றில் சாப்பாடும் வாயுவுமாகக் கணையம் இருந்த பக்கமே தெரியவில்லை. இன்னொரு நாள், இன்னொரு கட்டணம்.

இன்சுலின் போடும் நாயைச் சொல்லாமல் கொள்ளாமல் பட்டினி போடாதீர்கள். அன்றைக்கு ஊசி எவ்வளவு, எப்போது என்று முந்தின நாளே டாக்டரிடம் கேட்க வேண்டும். மிகச் சின்ன நாய்களுக்கு நீண்ட பட்டினியில் சர்க்கரை இறங்கிவிடலாம். அதையும் கேளுங்கள்.

அப்புறம் சிறுநீர். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியதும் எல்லோரும் ஒரு நடை கூட்டிப் போவோம், அது காலைத் தூக்கும். ஸ்கேனுக்கு அது கூடாது. காலியான சிறுநீர்ப்பையின் சுவர் தடித்த மாதிரி தெரியும், 'வீக்கமா, கட்டியா' என்று தேவையில்லாத ஒரு வரி ரிப்போர்ட்டில் ஏறும். வாசலில் இறக்காமல் தூக்கிக்கொண்டே உள்ளே போங்கள்.

வயிற்று முடியை மழிப்பார்கள். பொமரேனியன்காரர்கள் மனதைத் திடப்படுத்திக்கொள்ளவும்.

நாய் ரொம்பப் பதறினால் லேசான மயக்கமருந்து தருவார்கள். இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் இருப்பதாக எப்போதாவது யாராவது சொல்லியிருந்தால், மருந்து ஏற்றுவதற்கு முன் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். பழைய சீட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட வேண்டாம்.

3. கேட்டு வாங்க வேண்டியவை

கிளம்பும்போது கையில் இருக்க வேண்டியவை: ரிப்போர்ட், அசல் படங்கள், அன்றைய எடை, இரத்தப் பரிசோதனை எடுத்திருந்தால் அதன் முடிவு, என்னென்ன மயக்கமருந்து கொடுத்தார்கள் என்ற குறிப்பு.

அசல் படம் என்றால் 'டைகாம்' கோப்பு. எனக்குத் தந்தது கம்ப்யூட்டர் திரையைப் போனில் பிடித்த ஒரு படம். திரையில் டியூப்லைட் வெளிச்சம், ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல். அதை எடுத்துக்கொண்டு இதய டாக்டரிடம் போனபோது அவர் சிரிக்காதது அவருடைய பெருந்தன்மை. டைகாம் கோப்பில் நாயின் பெயர், தேதி, அளவு எல்லாம் கூடவே இருக்கும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம், அளக்கலாம். பென் டிரைவ், குறுந்தகடு, இணைய இணைப்பு எதுவானாலும் சரி. படம் எடுத்த அன்றே கேளுங்கள். பல மாதம் கழித்துப் போய் நின்றால் தேட வேண்டிவரும்.

வாங்கியதும் எத்தனை கோணம் என்று எண்ணுங்கள். ஒரு கோணம் மட்டும் போதாது. இரண்டாவது கோணம் முதலாவதற்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். நுரையீரலில் கட்டி பரவியிருக்கிறதா என்று தேடும்போது மூன்று கோணம் வேண்டும்: வலப்பக்கம் படுத்து, இடப்பக்கம் படுத்து, மேலிருந்து கீழாக ஒன்று. நாய் எந்தப் பக்கம் படுக்கிறதோ அந்தப் பக்க நுரையீரல் சுருங்கிவிடும். அங்கே உள்ள புள்ளி மறைந்துபோகும். ஒரே கோணத்தில் எடுத்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்றால் அது அரைப் பதில்தான்.

4. ரிப்போர்ட்டைக் கடைசியிலிருந்து படியுங்கள்

ரிப்போர்ட் ஏறக்குறைய எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும். முதலில் நாயின் விவரம், எதற்காக எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள். பிறகு 'ஃபைண்டிங்ஸ்', அதாவது கண்ணில் பட்டது எல்லாம். கடைசியில் 'இம்ப்ரஷன்' அல்லது 'கன்க்ளூஷன்', அதன்கீழே பரிந்துரை.

ஃபைண்டிங்ஸ் பகுதியில் ரேடியாலஜிஸ்ட், அதாவது படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் நிபுணர், எதையும் விடாமல் எழுத வேண்டும், அது அவர் வேலை. எதற்கு எவ்வளவு எடை என்பது இம்ப்ரஷனில்தான் வரும், அங்கேயும் பெரும்பாலும் முக்கியமானதுதான் முதலில். அதனால் கடைசிப் பகுதியை முதலில் படித்துவிட்டு மேலே போங்கள்.

அடிக்கடி வரும் சொற்கள் சில. 'அன்ரிமார்க்கபிள்' என்றால் குறிப்பிடும்படி எதுவும் இல்லை, நல்ல செய்தி. 'இன்சிடென்டல்' என்றால் வேறொன்றைத் தேடும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. 'மைல்ட், மாடரேட், மார்க்ட்' மூன்றும் லேசு, நடுத்தரம், அதிகம். 'டிஃபரன்ஷியல்' என்று ஒரு பட்டியல் வந்தால், இந்த நிழலுக்கு இவையெல்லாம் காரணமாக இருக்கலாம் என்று அர்த்தம். அநேகமாக வாய்ப்பு அதிகமுள்ளது முதலில் இருக்கும். நம் கண் மட்டும் நேராகப் பட்டியலின் கடைசியில் உள்ள புற்றுநோய்க்குத்தான் போகும்.

அல்ட்ராசவுண்டில் 'ஹைப்போஎக்கோயிக்' என்றால் சுற்றியுள்ளதைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. 'ஹைப்பர்எக்கோயிக்' என்றால் வெளுப்பாகத் தெரிகிறது. 'அன்எக்கோயிக்' முழுக் கறுப்பு, பெரும்பாலும் நீர். இவை நிறத்தைச் சொல்லும் சொற்கள், வியாதியின் பெயர்கள் அல்ல. அந்த 'ஹைப்போஎக்கோயிக்' முடிச்சை வியாதிப் பெயர் என்று நினைத்து ராத்திரி இரண்டு மணிக்குத் தேடிக்கொண்டிருந்தேன்.

'கேன்னாட் பி எக்ஸ்க்ளூடட்', அதாவது இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதைப் பார்த்ததும் நெஞ்சு அடைக்கும். நிழலை வைத்துச் செல் எப்படிப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு ஊசியில் உறிஞ்சி எடுத்த செல்லோ திசுத் துண்டோ வேண்டும். எழுதுபவர் தன் படத்தின் எல்லையை நேர்மையாகச் சொல்கிறார், அவ்வளவுதான்.

5. பயமுறுத்தும், ஆனால் வயதோடு வரும் விஷயங்கள்

பத்து வயதைத் தாண்டிய நாயின் வயிற்றைத் துழாவினால் எதுவுமே இல்லாமல் ரிப்போர்ட் வருவது அபூர்வம். நமக்கு நரை விழுவது மாதிரி அதற்கும் உள்ளே சில மாற்றங்கள் இருக்கும்.

கல்லீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் வயதான நாய்களுக்கு மிகச் சாதாரணம். செல்கள் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்த, கெடுதலில்லாத முடிச்சுகளாகவே பல இருக்கும். மண்ணீரலிலும் அப்படித்தான். குறிப்பாக வெளுப்பாகத் தெரியும் சின்னப் புள்ளிகள் பெரும்பாலும் கொழுப்பு சேர்ந்தவை. மணிக்கு இருந்தது கறுப்பு முடிச்சு என்பதால் 'மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளப்போம்' என்றார் டாக்டர். அளந்தோம், அதே 6 மில்லிமீட்டர்.

பித்தப்பையில் சேறு மாதிரிப் படிவு, சிறுநீரகத்தில் ஒன்றிரண்டு நீர்க்கட்டி, நுரையீரல் குழாய்ச் சுவரில் சுண்ணாம்புப் படிவு, முதுகில் ஸ்பாண்டிலோசிஸ் எல்லாமே இந்தப் பட்டியல்தான். நுரையீரலில் 'நாட்யூல்', அதாவது முடிச்சு, என்றாலும் உடனே உடைந்துபோகாதீர்கள். வயதான நாய்களுக்கு நுரையீரலில் கடுகளவு எலும்புத் துணுக்குகள் உண்டாகும், அளவுக்கு மீறி வெள்ளையாகத் தெரியும், தொந்தரவு இல்லை. முலைக்காம்பும் தோல் மருவும்கூட நுரையீரல் புள்ளி போலப் படத்தில் விழும். சந்தேகமென்றால் காம்பின் மேல் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைத் தடவி இன்னொரு படம் எடுத்தால் தெரிந்துவிடும்.

குண்டு நாய் என்றால் இன்னொன்று. கொழுப்பினால் இதய நிழல் பெரிதாகவும் நுரையீரல் மங்கலாகவும் தெரியும். மூச்சை வெளியே விட்ட நேரத்தில் படம் விழுந்தாலும் அப்படியே. 'படம் மூச்சை இழுத்தபோது எடுத்ததா?' என்று கேட்பதில் தப்பே இல்லை. நான் கேட்டேன். அவர் திரும்பிப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

6. லேசாகத் தாண்டிவிடக் கூடாத வரிகள்

முதலில் இதயம். சின்ன ரகங்களுக்கு வயதானால் மைட்ரல் வால்வு தடித்துக் கசிவதுதான் மிகப் பொதுவான இதயக் கோளாறு. எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் 'வி.ஹெச்.எஸ்.' என்று ஓர் எண் இருக்கும். இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் எடுத்து, நாலாவது மார்பு முள்ளெலும்பிலிருந்து தொடங்கி எத்தனை எலும்பு நீளம் வருகிறது என்று எண்ணிக் கூட்டுவார்கள். பொதுவாக 8.7 முதல் 10.7 வரை இயல்பு. ஆனால் பக், பொமரேனியன், பாஸ்டன் டெரியர் போன்ற ரகங்களுக்கு இயல்பிலேயே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதனால் ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். போன வருட எண் என்ன, இந்த வருட எண் என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய படத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மணிக்கு 11.4. முணுமுணுப்புச் சத்தமும் இருந்தது. எக்கோவுக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு அளவு பார்ப்பார்கள்: இடது மேலறைக்கும் பெருநாடிக்கும் உள்ள விகிதம் 1.6 அல்லது அதற்கு மேலா, எடைக்கு ஏற்பத் திருத்திய இடது கீழறை அளவு 1.7 அல்லது அதற்கு மேலா. முணுமுணுப்புச் சத்தம் ஆறு படியில் மூன்றாவதோ அதற்கு மேலோ இருந்து, வி.ஹெச்.எஸ். 10.5-ஐத் தாண்டி, இந்த இரண்டும் சேர்ந்தால் 'பி2' நிலை என்பார்கள். நாய்க்கு மூச்சுத் திணறல் எதுவும் வந்திருக்காது, பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் பிமோபென்டான் என்ற இதய மருந்தைத் தொடங்க வேண்டிய இடம் அது. 2016-ல் வெளியான 'எபிக்' ஆய்வில் இந்த நிலையில் மருந்து தொடங்கிய நாய்களுக்கு இதயச் செயலிழப்பு சுமார் 15 மாதம் தள்ளிப்போனது. நான் தாண்டிப் போன வரியின் கனம் அவ்வளவு.

மற்றவை சுருக்கமாக. பித்தப்பைச் சேறு நாயைத் திருப்பினால் நகர வேண்டும். நகராமல், குறுக்கே வெட்டிய கிவிப் பழம் மாதிரிக் கோடு கோடாகத் தெரிந்தால் 'மியூக்கோசீல்' என்பார்கள், பித்தப்பையில் சளி கெட்டிப்பட்டு நிறைவது. அது வெடிக்கக்கூடியது, அன்றே பேச வேண்டிய விஷயம். 10 கிலோவுக்குக் குறைந்த நாய்க்கு அட்ரினல் சுரப்பியின் தடிமன் 6 மில்லிமீட்டர் வாக்கைத் தாண்டியிருந்து, தண்ணீரும் அதிகம் குடிக்கிறது, வயிறும் தொங்குகிறது என்றால் குஷிங் (கார்டிசால் ஹார்மோன் மிகையாகும் நோய்) பரிசோதனை கேளுங்கள். மண்ணீரல் கட்டியோடு வயிற்றில் 'ஃப்ரீ ஃப்ளூயிட்', அதாவது உறுப்புகளுக்கு வெளியே தேங்கிய திரவம், என்றும் இருந்தால் இரத்தக்கசிவாக இருக்கலாம். கருப்பை எடுக்காத பெண் நாய்க்குக் கருப்பையில் நீர் என்று வந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

அளவைப் படிக்கும்போது நாயின் எடையையும் மனதில் வையுங்கள். பெரிய நாய்க்கு 2 சென்டிமீட்டர் சின்னது. நாலு கிலோ நாயின் வயிற்றில் அது சின்னது இல்லை.

7. டாக்டரிடம் என்ன கேட்பது?

காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போனதும் மறந்துவிடும். ரிப்போர்ட்டைப் பென்சிலோடு எடுத்துப் போய் ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: 'இதனால் நாம் செய்யப் போவது ஏதாவது மாறுமா?' மாறாது என்றால் அந்த வரியை அடித்துவிடலாம். மாறும் என்றால் அடுத்த படி என்ன, எப்போது, அதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று மூன்றையும் கேளுங்கள்.

இன்னொரு கேள்வி, பலர் கேட்கத் தயங்குவது: 'படத்தைப் பார்த்தது நீங்களா, ரேடியாலஜிஸ்ட்டா?' இரண்டிலும் குறையில்லை. ஆனால் ஆபரேஷன் வரை போகும் முடிவு என்றால் இரண்டாவது கண் ஒன்று பார்ப்பது நல்லது. டைகாம் கோப்பு கையில் இருந்தால் திரும்ப எடுக்காமலே அதைச் செய்யலாம்.

8. செலவும் நேரமும்

கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், எதெல்லாம் அதில் சேர்த்தி என்று கேளுங்கள். எக்ஸ்ரே கோணத்துக்கு ஒரு கணக்கா, மொத்தமாகவா? மயக்கமருந்து தனியா? ரேடியாலஜிஸ்ட் பார்க்கும் கட்டணம் உண்டா, அவசரமாகக் கேட்டால் கூடுதலா? ஸ்கேனின்போது ஊசியில் செல் எடுத்தால் அதற்கும் லேபுக்கும் தனித்தனியா? மூன்று மாதம் கழித்து ஒரே ஓர் உறுப்பை மட்டும் திரும்ப அளக்க முழுக் கட்டணமா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, அங்கேதான் பணம் கசிகிறது. காப்பீடு இருந்தால் முன் அனுமதி வேண்டுமா என்று படம் எடுக்கும் முன்பே விசாரியுங்கள். பழைய வியாதி என்று தள்ளிவிடாமல் இருக்க, முதன்முதலில் அறிகுறி தெரிந்த தேதி சீட்டில் சரியாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சி.டி., எம்.ஆர்.ஐ. என்றால் மயக்கத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை, கண்காணிப்பு எல்லாம் சேரும். பல்லுக்கு எக்ஸ்ரேயும் மயக்கத்தில்தான் எடுப்பார்கள். ஒரே மயக்கத்தில் இரண்டு வேலையை முடிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், சில நேரம் முடியும்.

நேரம்: எக்ஸ்ரே எடுப்பது சில நிமிடம், வயிற்று ஸ்கேன் அரை மணியிலிருந்து ஒரு மணி. வெளியிலிருக்கும் ரேடியாலஜிஸ்ட்டுக்கு அனுப்பினால் ரிப்போர்ட் ஒன்றிரண்டு நாள் ஆகலாம். முடிந்தால் வாரத்தின் முதல் பாதியில் எடுங்கள். வெள்ளிக்கிழமை வரும் ரிப்போர்ட்டின் அருமை எனக்குத் தெரியும்.

9. வீட்டில் எண்ண வேண்டியது

இதயம் பெரிதாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருந்தால் அடுத்த படத்துக்குக் காத்திருக்கும் நாட்களில் நம் கையில் இருக்கும் பரிசோதனை ஒன்றே ஒன்று: தூங்கும்போது மூச்சை எண்ணுவது. நன்றாக அயர்ந்த பிறகு, கனவில் கால் உதறாத நேரமாகப் பார்த்து, 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். விலா ஏறி இறங்குவது ஒரு மூச்சு. பொமரேனியனுக்கு முடிக்குள் அது தெரியாது, கையை லேசாக வைத்துப் பார்க்கலாம். விழித்து நம்மைப் பார்த்தால் கணக்கு போச்சு, மறுபடி தூங்க வேண்டும்.

மணிக்கு வழக்கமாக 18, 20. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டித் தேதியோடு எழுதிவருகிறோம். 30-ஐத் தாண்டினால் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். அப்போதும் தாண்டினால் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஈறு நீலமாகவோ வெளுத்தோ இருந்தாலும், படுக்க முடியாமல் உட்கார்ந்தே கழுத்தை நீட்டி மூச்சு வாங்கினாலும், மயங்கி விழுந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ரிப்போர்ட் ஃபைலையும் நாயையும் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.